கூப்பிடத்தானே பெயர்



புதன்கிழமை காலையில் நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் எதற்காவது போய், தடுப்பூசி போடக் காத்திருக்கும் தாய்மார்களிடம் குழந்தையின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். ரித்விக், அத்விக், ஆரவ், விஹான், தன்விகா, ஸ்ரீநிகா என்று ஒரு வரிசை வரும். யாழினி, நிலா, மகிழ், கயல், ஆதிரை, இனியன், வெண்பா என்று இன்னொரு வரிசை வரும். இருபது வருஷத்துக்கு முன் இவற்றில் பாதிப் பெயர்களை நம் தெருக்களில் கேட்டிருக்க மாட்டோம். இன்று ஒரே வகுப்பில் இரண்டு யாழினி இருப்பதால், பெரிய யாழினி, சின்ன யாழினி என்று டீச்சர் பிரித்துக் கூப்பிடுகிறார்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எந்தப் பெயர் எத்தனை குழந்தைகளுக்கு வைக்கப்பட்டது என்று அரசே ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடுகிறது. 2019 முதல் 2024 வரை அமெரிக்கப் பட்டியலில் ஆண் குழந்தைகளில் லியாம், பெண் குழந்தைகளில் ஒலிவியா முதலிடம். நம் நாட்டில் அப்படியொரு பட்டியல் வருவதில்லை. வகுப்பறையும் தடுப்பூசி வரிசையும் பிறந்தநாள் பேனரும்தான் நமக்குச் சாட்சி.

இந்தப் பெயர்களைப் பற்றி நம் இதழுக்கு வரும் கடிதங்களில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. "பேரப் பிள்ளையின் பெயர் வாயில் நுழையவில்லை" என்பது தாத்தா பாட்டிகளின் குரல். "பெயர் வைப்பதற்குள் வீட்டில் பெரிய சண்டையே நடந்துவிட்டது" என்பது இளம் பெற்றோரின் குரல். இரண்டு பக்கத்துக்கும் என் கருத்தை இந்த மாதம் சொல்லிவிட விரும்புகிறேன்.

பெயர் கூப்பிடுவதற்காக வைக்கப்படுவது. வீட்டில் மூத்தவர் யாரோ அவர் அதைத் தடுமாறாமல் கூப்பிட வேண்டும். குழந்தைக்கு எழுத்து வந்ததும் தன் பெயரைத் தமிழில் தானே முழுதாக எழுத வேண்டும். இந்த இரண்டும் அமைந்துவிட்டால் அது நல்ல பெயர். நிலா, மகிழ், கயல் போன்ற பெயர்கள் கூடிவருவதில் எனக்கு மனம் நிறைந்த மகிழ்ச்சி. ஆனால் அத்விக் என்று வைத்த வீட்டைக் குறைசொல்லும் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நம் வட்டாரத்துக்கென்றே சில பெயர்கள் இருந்தன. திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலைச் சுற்றிய ஊர்களில் வீதிக்கு ஒரு மாசிலாமணி இருந்தார். அதே ஊர்ப் பச்சையம்மனை வேண்டிப் பிறந்தவர்கள் பச்சையம்மாளும் பச்சையப்பனும். திருவேற்காட்டுக் கருமாரி, மாங்காட்டுக் காமாட்சி, திருமழிசை ஜெகந்நாதர், பூந்தமல்லி வரதராஜரும் புஷ்பவல்லித் தாயாரும், திருநின்றவூர் பக்தவத்சலப் பெருமாள் என்று ஒவ்வொரு சந்நிதியிலிருந்தும் பிள்ளைகளுக்குப் பெயர் வந்தது. 1963 முதல் 1967 வரை நம் முதலமைச்சராக இருந்த எம். பக்தவத்சலம் பிறந்தது பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டையில்தான். அந்தக் காலத்தில் பெயரைச் சொன்னதும், எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை என்று ஊருக்கே விளங்கிவிடும்.

பிறகு தொழிற்சாலைகள் வந்தன. 1949-ல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை. 1960-களில் தொழிற்பேட்டை. பல மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்து குடியேறியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஊர்ச்சாமி பெயரை வைக்கத் தயங்கினார்கள். பட்டணத்துப் பெயர் வேண்டும் என்று ரமேஷ், சுரேஷ், மகேஷ், கீதா, உமா, லதா என்று வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனபோது, ஒரே ஷிப்டில் நாலு ரமேஷ் இருந்தார்கள். இனிஷியலைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டியிருந்தது. இன்று ரித்விக்கைப் பார்த்து முகம் சுளிக்கும் தாத்தாவின் பெயர் ரமேஷாக இருந்தால், அந்தப் பெயரும் ஒரு நாள் புதிதாகத்தான் வந்தது என்பதை அவர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆவடியின் கதை கொஞ்சம் வேறு. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றிய ஊர் அது. 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. விமானப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை என்று மத்திய அரசுக் குடியிருப்புகள் பெருகின. மலையாளம், தெலுங்கு, இந்தி, வங்காளம், பஞ்சாபி எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் குடியிருந்தால், பெயர்களும் வீடு மாறும். கேந்திரிய வித்யாலயாவில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்த சிநேகிதியின் பெயர் பிடித்துப்போய், பின்னாளில் அதையே தன் மகளுக்கு வைத்த அம்மாக்கள் ஆவடியில் உண்டு. அந்தத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் வந்த முதல் டாங்கியின் பெயர் விஜயந்தா. அதன் பின் அஜேயா, பீஷ்மா, அர்ஜுன். டாங்கிக்கும் பிள்ளைக்கும் ஒரே பெயர் என்பதை அர்ஜுன்கள் நிறைந்த அந்தக் குடியிருப்புகளில் யாரும் விசேஷமாக நினைப்பதில்லை. வடக்கத்திப் பெயர் என்று நாம் ஒதுக்கும் சில பெயர்கள் இந்தச் சிநேகங்களின் வழியாகவே நம் வீடுகளுக்கு வந்தன. அதை நான் குறையாகப் பார்க்கவில்லை.

பெயர் வைக்கும் உரிமை எல்லோருக்கும் எப்போதும் இருந்ததில்லை என்பதையும் மறக்கக் கூடாது. முன்பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், இந்தப் பிள்ளையாவது நிலைக்கட்டும் என்று குப்பம்மாள், பிச்சை, மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தார்கள். அது தாயின் வேண்டுதல். ஆனால் மரியாதையான பெயரை வைத்துக்கொள்ளவே விடாமல், அதே பெயர்களை ஒடுக்கப்பட்ட மக்கள் மீது ஊர்ப் பெரியதனம் சுமத்தியதும் உண்டு. சாமி பெயர் வைத்தாலும் அதைச் சுருக்கி, 'அன்' விகுதிகூட இல்லாமல், 'டா' போட்டுத்தான் கூப்பிட்டார்கள். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இன்று திருவள்ளூர் மாவட்டத்திலும் சென்னையிலுமாகப் பிரிந்து கிடக்கும் நம் ஊர்கள் அன்று அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தன. நம் குழந்தைகள் வெறும் பெயரோடும் ஓர் இனிஷியலோடும் பள்ளிக்குப் போவது அந்தப் போராட்டத்தின் பலன். அதனால்தான், "தன்விகாவாம், தன்விகா" என்று ஒரு கூலித் தொழிலாளி வீட்டுப் பெயரைப் பார்த்து யாராவது உதட்டைப் பிதுக்கினால் எனக்குக் கோபம் வருகிறது. தான் விரும்பிய பெயரைத் தன் மகளுக்கு வைக்க அந்தத் தகப்பனின் பாட்டனுக்கு அனுமதி இருந்ததில்லை. இவர் வைக்கட்டும்.

தமிழ்ப் பெயர் அலைக்கு வருவோம். வேதாசலம் என்ற பெயரை மறைமலை அடிகள் என்று மாற்றிக்கொண்டவர், பூந்தமல்லியிலிருந்து தொலைவில்லாத பல்லாவரத்தில் இருந்துகொண்டுதான் 1916-ல் தனித்தமிழ் இயக்கத்தை வளர்த்தார். அதன் பின் திராவிட இயக்கத்தார் அதை வீதிக்குக் கொண்டுவந்தார்கள். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். தமிழ்ச்செல்வி, கலைச்செல்வி, இளங்கோ, பாரி, மாறன் என்று ஒரு தலைமுறையே எழுந்தது. மா. சுப்பிரமணியன் சென்னை மேயராக இருந்த காலத்தில், மாநகராட்சி மருத்துவமனைகளில் பிறந்து தமிழ்ப் பெயர் பெற்ற குழந்தைகளுக்குத் தங்க மோதிரம் போட்டார்கள். அம்பத்தூர் அப்போது தனி நகராட்சி. 2011-ல்தான் சென்னையோடு சேர்ந்தது. ஆகவே அந்த மோதிரம் நம் பக்கம் வரவில்லை. இருந்தாலும் பெயர்கள் வந்துவிட்டன.

இப்போதைய அலை எந்த மோதிரத்துக்காகவும் எழுந்தது அல்ல. 1950-ல் கல்கி இதழில் தொடங்கிய பொன்னியின் செல்வன், வானதியையும் பூங்குழலியையும் அந்நாளிலேயே வீடுகளுக்குள் கொண்டுவந்தது. 2022-ல் படமாக வந்தபோது குந்தவை, அருள்மொழி எல்லாம் மறுபடி பேச்சில் அடிபட்டன. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்' என்றும் 'குவிரன் ஆதன்' என்றும் தமிழி எழுத்தில் கீறியிருந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தன் பானையில் எழுதிவைத்த பெயர், இன்று மூன்றே எழுத்து வேண்டும் என்று தேடும் இளம் பெற்றோருக்குப் பொருத்தமாகக் கிடைத்துவிட்டது. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தொடர் முல்லை என்ற பெயரை வீடு வீடாகக் கொண்டுபோனது. திருமுல்லைவாயில்காரர்களுக்கு அந்தப் பெயர் பக்கத்திலேயே இருந்தது. இந்தப் பெயர்களில் இன்னொன்றையும் கவனித்தேன். மகிழ், கதிர், தமிழ், அமுது என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக வைக்கிறார்கள். அம்மாவின் முதலெழுத்தையும் இனிஷியலில் சேர்க்கிறார்கள். இரண்டும் நல்ல மாற்றம்.

இந்த நல்ல போக்குக்குக் குறுக்கே நிற்பவை என்று நான் நினைப்பது இரண்டு. முதலாவது நட்சத்திர எழுத்துப் பட்டியல். மகத்தில் பிறந்தால் ம, மி, மு, மெ. அனுஷத்துக்கு ந, நி, நு, நே. இதுவரை சிக்கல் இல்லை. மகிழ் வைக்கலாம், நிலவன் வைக்கலாம். பூசத்துக்கு ஹு, ஹே, ஹோ, ட. ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. டகரத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஆயில்யத்தில் பிறந்த குழந்தைக்கு அந்த நாலு எழுத்துக்குள்தான் பெயர் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், கைப்பேசியில் தேடி, பொருளே தெரியாத ஏதோ ஓர் ஒலியைக் கொண்டுவந்து வைப்பதைத் தவிர வழியில்லை. நம் வட்டாரத்தில் கேட்கும் புரியாத பெயர்களில் பல இந்தப் பட்டியலால் வந்தவை. நாகரிக மோகம் என்று பெற்றோரைத் திட்டுகிறோம். பட்டியலைக் கையில் கொடுத்தது பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள்தான். நட்சத்திர நம்பிக்கை உள்ளவர்கள், ஜாதகத்துக்கும் அர்ச்சனைக்கும் அந்த எழுத்தில் ஒரு பெயரைத் தொட்டில் போடும் அன்று காதில் சொல்லிவிட்டு, கூப்பிடுவதற்கு மனதுக்குப் பிடித்த பெயரை வைப்பது பல குடும்பங்களில் பழைய வழக்கம். அதைத் தாராளமாகப் பின்பற்றலாம்.

இரண்டாவது எண்கணிதம். ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுத்துக் கூட்டிப் பார்க்கும் கணக்கு இது. கூட்டுத்தொகை சரியாக வராவிட்டால், நடுவில் ஓர் எழுத்தை இரட்டிக்கிறார்கள், கடைசியில் ஒன்றைச் சேர்க்கிறார்கள். தமிழில் பெயர் அப்படியே இருக்கும். ஆங்கிலத்தில் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பள்ளிச் சான்றிதழில் இன்னொரு விதம். பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போதுதான் அதன் விலை தெரியும். அந்தப் பிள்ளை அரசிதழில் விளம்பரம் கொடுத்துத் தன் பெயரைத் தானே திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

தமிழ்ப் பெயர் வைத்தவர்களுக்கும் இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. யாழினி, மகிழ், எழில், பூங்குழலி எல்லாவற்றிலும் ழகரம் இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் எழுத நாம் பயன்படுத்தும் எழுத்துச் சேர்க்கையை வெளிமாநிலத்தவர் வேறு ஒலியாகப் படிக்கிறார்கள். ஆதாரில் ஆங்கிலத்திலிருந்து இயந்திரம் தமிழாக்கித் தரும்போதும் ழகரம் காணாமல் போய்விடுகிறது. இதற்காகப் பெயரை விட்டுவிட வேண்டாம். ஆங்கில எழுத்துக்கூட்டு ஒன்றை முடிவு செய்து, முதல் சான்றிதழிலிருந்து கடைசிவரை அதே ஒன்றைப் பயன்படுத்துங்கள். ஆதாரில் தமிழ்ப் பெயர் எப்படி வந்திருக்கிறது என்று அங்கேயே திரையில் பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணையிட்டிருக்கிறது. குழந்தையின் நோட்டுப் புத்தகத்தில் அதை முதல் நாளே எழுதிக் காட்டலாம்.

ஜப்பானில் ஒரு கட்டத்தில் பெற்றோர் விசித்திரமான உச்சரிப்புகளோடு பெயர் வைக்கத் தொடங்கினார்கள். எழுத்தைப் பார்த்தால் ஒன்று, படித்தால் வேறொன்று. ஆசிரியர்களாலும் மருத்துவமனை ஊழியர்களாலும் படிக்க முடியவில்லை. 2025 மே 26 முதல், குடும்பப் பதிவேட்டில் பெயரின் உச்சரிப்பையும் பதிய வேண்டும், எழுத்தோடு தொடர்பே இல்லாத உச்சரிப்பு கூடாது என்று சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். நமக்குச் சட்டம் தேவையில்லை. வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து பேசினால் போதும்.

அந்தப் பேச்சில் பெரியவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். பெயர் வைத்தாகிவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள். கிருஷ்ணன் நம் நாக்கில் கிட்டுவானான், லக்ஷ்மி லச்சுமியானாள், சுப்பிரமணியன் மணியானான். அத்விக்கும் அத்துக்குட்டியாகிவிடுவான். பாட்டி கூப்பிடும் அந்தச் சுருக்கப் பெயர்தான் ஐம்பது வயதிலும் அவன் காதில் ஒலிக்கப்போகிறது. இளம் பெற்றோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெயரை முடிவு செய்வதற்கு முன், உங்கள் அம்மாவிடமோ மாமியாரிடமோ அதைச் சொல்லி, சமையலறையிலிருந்து வாசல்வரை கேட்கும்படி ஒரு தரம் கூப்பிடச் சொல்லுங்கள். அவருக்கு மூச்சு முட்டினால் வேறு பெயர் பாருங்கள். "எல்லோரும் வைக்கிற பெயர் வேண்டாம், யாருக்குமே இல்லாத பெயர் வேண்டும்" என்று சொல்லித் தேடினால் ஒரே பட்டியலில் எல்லோரும் தேடி ஒரே பெயரில் போய் நிற்கிறோம். உங்கள் குடும்பத்திலேயே மூன்று தலைமுறைக்கு முன் யாரோ ஒருவருக்கு நல்ல தமிழ்ப் பெயர் இருந்திருக்கும். மாசிலா, வேலன், பொன்னி. அதை யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

கடைசியாக, அவசியமான செய்தி. மருத்துவமனையில் பிறப்புப் பதிவு பெரும்பாலும் பெயர் இல்லாமல்தான் நடக்கிறது. பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 15 ஆண்டுவரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஒரு முறை பெயர் ஏறிவிட்டால், பிடிக்கவில்லை என்று மாற்றித் தர மாட்டார்கள். எழுத்துப் பிழையை மட்டுமே திருத்துவார்கள். குழந்தை எங்கே பிறந்ததோ அந்த உள்ளாட்சியில்தான் பெயரைச் சேர்க்க வேண்டும். நீங்கள் ஆவடியில் குடியிருந்தாலும் பிரசவம் எழும்பூர் அரசு மருத்துவமனையில் என்றால், போக வேண்டியது சென்னை மாநகராட்சியிடம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பது முதல் வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். பெயர் இல்லாத சான்றிதழைப் பீரோவில் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். தொட்டில் போட்ட மாதமே போய்ச் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக் குழந்தையின் பெயர் என்ன, அதை யார் சொன்னது, முதலில் காதில் ஓதியது அத்தையா, பாட்டியா என்று எங்களுக்கு எழுதுங்கள். கூடவே உங்கள் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி பெயரையும் எழுதுங்கள். நம் வட்டாரத்துப் பெயர்களை ஒரு பட்டியலாகத் தொகுத்து, பெயர் தேடிக்கொண்டிருக்கும் இளம் பெற்றோருக்காக இந்த இதழிலேயே வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்